பிரதானி வீட்டுச் சாம்பலும் பெயரில்லாத கல்லும்

முன்னொரு காலத்தில், மழை பொய்த்த ஓர் ஆண்டில், ஓர் அரசருக்குத் தம் செங்கோல் முனையில் மணிக்கல் இல்லாமல் மொட்டையாக இருப்பதாகத் தோன்றியது. குடிகளுக்குத் தண்ணீர் இல்லை என்ற செய்தியும் அதே வாரத்தில்தான் அவர் காதில் விழுந்தது. இரண்டையும் ஒரே ஆணையில் தீர்த்துவிட்டார். "மலையடிவாரத்தில் கிணறு வெட்டுங்கள். தண்ணீர் வந்தால் குடிகளுக்கு. மணி வந்தால் எனக்கு" என்றார்.

தண்ணீர் வரவில்லை.

கறுத்த பாறைக்கு நடுவே வெள்ளை நரம்பு போல ஒரு கல் ஓடியது. அதில் பால் நிற வெங்கச்சங்கல்லும், இறைச்சி நிறத்தில் வழவழப்பான இன்னொரு கல்லும், ஏடு ஏடாக உரியும் காக்காப்பொன்னும் கலந்து கிடந்தன. நரம்பின் நடுவில் ஒரு பொந்து. பொந்துக்குள் விரல் நீளத்துக்கு ஒரு கோல் முளைத்து நின்றது. மூன்று பக்கம் கொண்டது; ஆனால் ஒவ்வொரு பக்கமும் நன்றாகச் சாப்பிட்டவர் வயிறு போல உப்பியிருந்தது. மேலிருந்து கீழ்வரை சீப்பால் வாரியது போன்ற கோடுகள். ஒரு முனை தாமரைச் சிவப்பு, மறுமுனை கிளிப்பச்சை, இடையில் நீர் போன்ற வெளிறல்.

இந்தக் கதையை எங்கள் குடியில் இப்படித்தான் சொல்வது வழக்கம். வேறு விதமாகச் சொல்பவர்களும் உண்டு. அவர்கள் அந்த அரசரின் தலைமை அமைச்சரான பிரதானி மருதவாணரின் வழியில் வந்தவர்கள். அவர்கள் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அந்த அரசவையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. எந்த மணியும் குலம் சொல்லப்படாமல் அரசர் கையில் ஏறக் கூடாது. நிறத்துக்கு ஒரு குலம் என்பது மணிநூல் விதி. அதைச் சொல்ல வேண்டியவர் மணிநூல் புலவர் தண்டபாணியார். அரசர் வாய் திறப்பதற்கு முன் தாம் எந்தக் கருத்தும் கொள்ளாமலிருப்பதே அவருடைய புலமை.

"புலவரே, இது என்ன நிறம்?" என்று அரசர் கேட்டார்.

"அரசரின் திருவாயால் கேட்கக் காத்திருக்கிறேன்."

அரசர் கல்லின் பச்சை முனையைக் கண்ணருகே வைத்து, சாளரத்தை நோக்கி நீளவாக்கில் பார்த்தார். "கறுப்பாக இருக்கிறது."

"கறுப்புதான், அரசே. காக்கைக் கறுப்பு என்று நூல் சொல்வது இதைத்தான்."

அரசர் கல்லைக் குறுக்காகத் திருப்பினார். "இல்லை, பச்சை."

"ஐயமே இல்லாத பச்சை. நான் கறுப்பு என்றது இதன் நிழலை."

அரசர் மறுமுனையை மூடியிருந்த கட்டைவிரலை எடுத்தார். "இங்கே சிவப்பாக அல்லவா இருக்கிறது?"

புலவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசி ஆசனத்திலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. சிரித்தவர் எங்கள் குடியின் முன்னோர் சோலையப்பர். அவரை விகடர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அப்படிச் சொல்வதில்லை. அவர் மந்திராலோசனையில் ஆசனம் பெற்றவர்.

"புலவர் சொன்னது அத்தனையும் சரி, அரசே" என்றார் சோலையப்பர். "இந்த மண்டபத்தில் எதையுமே நாம் நிற்கிற பக்கத்திலிருந்துதானே நிறம் சொல்கிறோம்."

பிரதானி மருதவாணர் எழுந்தார். முதல் ஆசனத்துக்காரர் அவர். கடைசி ஆசனத்தில் இருப்பவர் பேசினால்தான் அரசர் நிமிர்ந்து உட்காருகிறார் என்பது அவருக்கு நெடுநாள் நெஞ்செரிச்சல்.

"இது சிரிக்கிற காரியம் அல்ல, அரசே. ஒரு முனை தட்டை, மறுமுனை கூர்மை. தலை எது, கால் எது என்று தெரியவில்லை. முக்கோணம் என்றும் சொல்ல முடியாது, வட்டம் என்றும் சொல்ல முடியாது. மூன்று நிறம். இது கலப்புக் கல். நல்ல குலத்தார் யாரும் இதனோடு உறவு கொள்ள மாட்டார்கள். இது செங்கோலில் ஏறினால் அண்டை நாட்டார் சிரிப்பார்கள். பாட்டனுக்கு அப்பன் பெயர் தெரியாதவர்கள் இப்போதே சிரிக்கிறார்கள்."

கடைசிச் சொல் யாருக்கு என்பது சபைக்குத் தெரியும். ஆண்டுக்கு ஒரு நாள் ஆசனக்காரர்கள் எழுந்து ஏழு தலைமுறைப் பெயர் சொல்ல வேண்டும். சோலையப்பர் தந்தை பெயர் சொல்வார், பாட்டனார் பெயர் சொல்வார், அதற்குமேல் அவருக்கு இருமல் வந்துவிடும். அவருடைய பாட்டனார் எங்கிருந்தோ தனியாக இந்த நாட்டுக்கு வந்தவர். அரசர் ஒவ்வோர் ஆண்டும் அந்த இருமலுக்குச் சிரித்துவிட்டு, "உட்காரும்" என்பார். இந்த முறை பிரதானி உட்கார விடவில்லை.

"கல்லுக்குப் பரிந்து பேசுகிறவர் அதன் குலத்தை விசாரித்துச் சொல்லட்டும். முடியாவிட்டால், குலம் தெரியாத இரண்டையும் சபை ஒன்றாகவே விலக்கட்டும்."

அரசருக்குக் கல்லின் மேலும் ஆசை, வேடிக்கையின் மேலும் ஆசை. "சோலையப்பரே, இந்தக் கல்லின் தாய் தந்தையரைச் சபைக்கு அழைத்து வாரும். இதற்கு உறவினர் யார் என்று இந்தக் கல்லே காட்ட வேண்டும். நாம் கண்ணால் பார்க்க வேண்டும். காட்டினால் உமது ஆசனம் நிலைக்கும். இல்லாவிட்டால் சபை விதிப்படி நடக்கும்" என்றார்.

சபை விதி இதுதான். ஆசனம் இழந்தவர் வீட்டின் தெருவாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவார்கள். அந்த வீட்டார் அன்றுமுதல் கொல்லைப்புறமாகத்தான் வந்து போக வேண்டும். மணமகளும் அப்படியே, பிணமும் அப்படியே.

சோலையப்பர் கல்லை மடியில் முடிந்துகொண்டு வீடு போய்ச் சேருவதற்குள் செங்கல் வந்து சேர்ந்துவிட்டது. பிரதானியார் எதிலும் முன்யோசனை உள்ளவர். சோலையப்பரின் மனைவி வடிவாம்பாள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"யாரோ வந்து செங்கல் அடுக்கிட்டுப் போறாங்க. நாம என்ன கட்டப் போறோம்?"

"நாம ஒண்ணும் கட்டல. நம்மள வச்சுத்தான் கட்டப் போறாங்க" என்று சோலையப்பர் நடந்ததைச் சொன்னார்.

வடிவாம்பாள் முழுவதையும் கேட்டுவிட்டு, "இந்த வாசப்படியிலதான் நான் வலது காலை எடுத்து வச்சு வந்தேன். கொல்லை வழியாப் போய் வர நான் என்ன பால் குடிக்க வந்த பூனையா? போங்க, கல்லுக்கு அப்பா அம்மாவைத் தேடுங்க. அதுக்கு முன்னாடி சாப்பிட்டுப் போங்க" என்றார்.

கல் மடியில் உறுத்தியது. அதை எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். குழம்புச் சட்டியை இறக்கிவைத்த வடிவாம்பாள் கல்லைக் கையில் எடுத்தார்.

"இது என்னங்க, இப்படி அழுக்குப் பிடிச்ச கல்லா இருக்கு. தொடைக்கிறேன், மறுபடி சாம்பல் வந்து ஒட்டுது. ஊதினாலும் போகல. பாருங்க, மேடையில இருந்து தானா எழும்பி வருது."

"காத்துல வந்திருக்கும்."

"காத்து எங்க அடிக்குது இங்க? சொந்தக்காரங்களக் கண்ட மாதிரி ஓடி வந்து ஒட்டிக்குது."

சோலையப்பர் பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அன்று பிற்பகல் முழுவதும் அடுப்படியை விட்டு அவர் நகரவில்லை. கல் குளிர்ந்து கிடந்தபோது சாம்பல் அசையவில்லை. சூடு காட்டி எடுத்தால் இரு முனையும் சாம்பலை இழுத்தன. கரித்துண்டு கலந்த சாம்பல் இருந்த இடத்திலேயே கிடந்தது. மாவு போன்ற சாம்பல் தாவியது. இழுத்த சாம்பலைக் கல் சற்று நேரத்தில் தானே உதறித் தள்ளியது. அதையும் பார்த்துவைத்துக்கொண்டார்.

மறுநாள் சபையில் அரசரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். "பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது நாம் என்ன பார்க்கிறோம், அரசே? அடுப்பைப் பார்க்கிறோம். யார் அடுப்பில் யார் சாப்பிடலாம் என்பதுதானே உறவு. ஆகையால் ஆசனம் உள்ள ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் அடுப்புச் சாம்பலில் ஒரு பிடி, தட்டில் வைத்துக் கொண்டுவரட்டும். கல் தன் உறவைத் தானே அடையாளம் காட்டும்."

கல் எதையும் காட்டப்போவதில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று எண்ணிப் பிரதானி தலையசைத்தார். சோலையப்பர் அவரிடம் பணிவாகச் சொன்னார்: "பெரிய வீட்டுச் சாம்பல் என்பது தட்டைப் பார்த்தாலே தெரிய வேண்டும் அல்லவா, பிரதானியாரே."

அவ்வளவுதான். அன்று அந்த நகரத்தின் பெரிய வீடுகளில் வேறு வேலை நடக்கவில்லை. ஒரு வீட்டில் மாவுச் சல்லடையில் சாம்பல் சலித்தார்கள். புலவர் வீட்டில் அம்மியில் வைத்து அரைத்தார்கள். பிரதானி வீட்டில் பட்டுத் துணியில் சலித்து, அதை மறுபடியும் சலித்து, வெள்ளித் தட்டில் கோபுரமாகக் குவித்தார்கள். "நம் வீட்டுச் சாம்பலில் கரி கலந்திருந்தது என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது" என்றாராம் பிரதானியின் மனைவி. வடிவாம்பாள் மட்டும் அடுப்பிலிருந்து ஒரு கரண்டி அள்ளி, அப்படியே தட்டில் போட்டார்.

விசாரணை நாளன்று அரண்மனை முற்றத்தில் ஒரு கட்டை வண்டி வந்து நின்றது. வண்டியை இழுத்த காளைகள் நுரை தள்ளின. மேலே ஒரு பெரும் பாறை.

"அரசே, கல்லின் தாயார் வந்திருக்கிறார். உடம்பு கனம், படியேற முடியவில்லை. மன்னிக்க வேண்டும்" என்றார் சோலையப்பர்.

அரசர் சபையோடு முற்றத்துக்கு இறங்கி வந்தார். அது கிணற்றில் கண்ட வெள்ளை நரம்பிலிருந்து பெயர்த்த பாறை. அதன் பக்கத்தில் ஒரு பொந்து. பொந்துக்குள் அதே மூன்று நிறத்தில், அதே உப்பிய வயிற்றோடு இன்னொரு சிறு கோல் பாறையைப் பற்றிக்கொண்டு நின்றது.

"இடுப்பில் இன்னும் ஒரு குழந்தை இருக்கிறது. தாய்மைக்கு வேறு சாட்சி வேண்டுமா?" என்றார் சோலையப்பர்.

"தந்தை எங்கே?" என்றார் பிரதானி.

"பூமிக்கு அடியில் இருக்கிறார். பாறையையே குழம்பாக்கிய பெருநெருப்பு. அவரால் வர இயலவில்லை, தம்பியை அனுப்பியிருக்கிறார்" என்று சோலையப்பர் ஒரு கணப்புச் சட்டியைச் சுட்டினார். அதில் கரி கனன்றுகொண்டிருந்தது.

"தந்தைக்குப் பதில் சிற்றப்பனா? இது என்ன வழக்கம்?"

"தங்கள் திருமணத்தில் தந்தையார் இடத்தில் நின்றவர் தங்கள் சிற்றப்பனார்தானே, பிரதானியாரே. அந்தத் திருமணம் செல்லும் என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது."

அரசர் மீசையைத் தடவுவது போல வாயை மறைத்துக்கொண்டார். "சிற்றப்பன் செல்லும். குலத்தைச் சொல்லும்."

"தாயாரைப் பாருங்கள், அரசே. குழம்பு ஆறியபோது பாறை தனக்கு வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொண்டு வெங்கச்சங்கல்லாக இறுகிவிட்டது, காக்காப்பொன்னாகப் படிந்துவிட்டது. யாருக்கும் வேண்டாமென்று ஒதுங்கியவை கடைசியில் இந்தப் பொந்தில் தங்கின. போக இடமில்லாமல் அவை ஒன்றாகக் கூடின. கூடியதுதான் இந்த மணி. தாயாரிடம் இத்தனை உடம்பு இருந்தும், தாங்கள் ஆசைப்பட்டது அதன் மேல் அல்ல, ஒதுங்கியவை கூடிய இந்த மணியின் மேல்தானே."

இக்காலத்தில் கல்லைப் பற்றிப் படித்தவர்களும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்கள். வெங்காரத்தில் உள்ள போரான், மணலில் உள்ள சிலிக்கான், அலுமினியம், லித்தியம், இரும்பு, மாங்கனீசு என்று வந்தவர்களையெல்லாம் அந்தக் கல் உட்கார வைத்துக்கொள்ளுமாம். இரும்பு வந்தால் பச்சையும் கறுப்பும், மாங்கனீசு வந்தால் சிவப்பும். சோலையப்பருக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. விஷயம் தெரிந்திருந்தது.

தட்டுகள் வரிசையாக வைக்கப்பட்டன. சோலையப்பர் கல்லை இடுக்கியில் பிடித்து, "சற்று நேரம் சிற்றப்பன் மடியில் இருக்கட்டும்" என்று கணப்புக்கு மேலே காட்டினார். சூடேறியதும் தட்டுகளுக்கு மேலே கொண்டுபோனார்.

முதல் தட்டு பிரதானியுடையது. கல் அருகே வந்ததும் வெள்ளித் தட்டிலிருந்த கோபுரம் கலைந்து எழும்பியது. பட்டில் சலித்த சாம்பல் கல்லின் இரு முனையிலும் கொத்தாக அப்பிக்கொண்டது. கல்லைத் துடைத்துச் சூடு காட்டி, அடுத்தடுத்த தட்டுகளுக்குக் கொண்டுபோனார். புலவர் வீட்டுச் சாம்பல் தாவியது. மற்ற வீட்டுச் சாம்பல்களும் வந்தன. கடைசித் தட்டில், வடிவாம்பாள் கரண்டியால் அள்ளிய கரியும் சாம்பலும் கிடந்த இடத்தில் கிடந்தன. ஓரத்தில் ஏதோ கொஞ்சம் நெளிந்தது.

"பார்த்தீர்களா? கல்லுக்கு நான் தூரத்து உறவுதான். பிரதானியார் நெருங்கின சொந்தம்" என்றார் சோலையப்பர்.

அரசர் மெல்லத் திரும்பினார். "பிரதானியாரே, இதைக் கலப்புக் கல் என்று சொன்னவர் நீர் அல்லவா? நல்ல குலத்தார் யாரும் இதனோடு உறவு கொள்ள மாட்டார்கள் என்றும் சொன்னதாக நினைவு."

பிரதானியின் முகம் அவருடைய தட்டின் நிறத்துக்கு வந்தது. புலவர் தண்டபாணியார் முன்னால் வந்தார். அவருடைய சாம்பலும் தாவியிருந்தது அல்லவா.

"அரசே, மணிநூலில் ஒரு மறைவான இடம் உண்டு. இதுவரை அதை வெளியிட வேளை வரவில்லை. ஒரு நிறம் உடையது ஒரு குலம். எல்லா நிறமும் உடையது எல்லாக் குலத்துக்கும் மேலான குலம்."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் பிரதானி.

"தலை எது, கால் எது என்று தெரியாதது?" என்று அரசர் கேட்டார்.

"உயர்ந்தோருக்குக் கால் எதற்கு, அரசே" என்றார் புலவர்.

அத்தோடு பிரதானி வாயை மூடியிருந்தால் அவர் வழியினர் இன்று இந்தக் கதையை வேறு விதமாகச் சொல்ல வேண்டியிருந்திருக்காது. அவர் சோலையப்பரைப் பார்த்தார். அவருக்கு ஒன்று தோன்றியது.

"எல்லார் வீட்டு அடுப்பும் பார்த்தாகிவிட்டது. அரண்மனை அடுப்பை மட்டும் விட்டுவிடுவது அரசருக்குக் குறை அல்லவா? அந்தச் சாம்பலும் வரட்டும்."

சாம்பல் அசையாவிட்டால், செங்கோலில் ஏறப்போகும் கல் அரசரை உறவில்லை என்று தள்ளியதாகும். அசைந்தால், கடைசி ஆசனத்துக்காரர்வரை எல்லாரையும் அரசருக்குச் சொந்தமாக்கியதாகும். இரண்டில் எது நடந்தாலும் சோலையப்பர் இழக்கப்போவது ஆசனத்தோடு நிற்காது. அரசரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"கொண்டுவாருங்கள்" என்றார்.

அரண்மனை மடைப்பள்ளியில் சந்தனக் கட்டை எரிப்பார்கள். அந்தச் சாம்பலுக்குச் சல்லடை தேவையில்லை. தட்டு வந்தது. சோலையப்பர் கல்லுக்குச் சூடு காட்டினார். கை நடுங்கவில்லை என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். கல் தட்டின் அருகே போனது. சாம்பல் குபுகுபுவென்று எழுந்து ஒட்டியது.

"இதற்கு என்ன பொருள், சோலையப்பரே?" என்றார் அரசர். குரலில் வேடிக்கை இல்லை.

சோலையப்பர் கல்லைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார். "காலையில் சபை கூடும்போது பிரதானியார் என்ன சொல்லித் தங்களை வணங்குகிறார், அரசே?"

"குடிகள் அனைவருக்கும் தந்தையே என்கிறார்."

"அவரோடு சேர்ந்து நாங்கள் எல்லாரும் அதைச் சொல்கிறோம். சொல்லிவிட்டு அவரவர் குலத்தில் உட்கார்ந்துவிடுகிறோம். இந்தக் கல் சபைக்குப் புதிது. நாங்கள் சொன்னதை உண்மை என்று நம்பிவிட்டது. தந்தையோடு பிள்ளைகளுக்கு உறவு இல்லை என்று சொல்ல அதற்கு நாக்கு வரவில்லை. பிரதானியார் தினமும் பொய் சொல்லி வணங்குகிறார் என்றால், தவறு கல்லுடையதுதான்."

அரசர் பிரதானியைப் பார்த்தார். பிரதானி, "மெய், மெய்" என்றார். வேறு என்ன சொல்வார்?

அந்த நேரத்தில் கல் தன் வேலையைக் காட்டியது. முனையில் ஒட்டியிருந்த சாம்பல் துளித் துளியாக எகிறி விழத் தொடங்கியது.

"இப்போது ஏன் தள்ளுகிறது?" என்றார் அரசர்.

"உறவினர் வந்து உட்கார்ந்ததும் ஏதாவது கேட்டிருப்பார்கள், அரசே."

அரசர் சிரித்தார். பாறையின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். அரசர் சிரித்ததால் சபை சிரித்தது. சபை சிரித்ததால் பிரதானியும் பல்லைக் காட்ட வேண்டியதாயிற்று. சிரித்து ஓய்ந்ததும் அரசர் தம் தோளிலிருந்த சால்வையை எடுத்துச் சோலையப்பருக்குப் போர்த்தினார். கல் செங்கோலில் ஏறட்டும், ஆசனம் சோலையப்பர் குடிக்கு நிலையானது என்றார். ஒரு பல்லக்கும் அளிப்பதாகச் சொன்னார். பிறகு பிரதானியிடம், "அவர் வீட்டு வாசலில் செங்கல் இறக்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பல்லக்கு நுழைய அந்த வாசல் போதாது. அகலமாக்கிக் கட்டும்படி கொத்தனார்களுக்குச் சொல்லும். நீரே கூட நின்று பார்த்துக்கொள்ளும்" என்றார்.

பிரதானியார் வெயிலில் குடை பிடித்து நின்று வாசலைக் கட்டுவித்தார். வேலை முடிந்ததும் சோலையப்பர் மனைவியை அழைத்துக் காட்டினார். வடிவாம்பாள் வாசலின் இந்த நிலைக்காலிலிருந்து அந்த நிலைக்கால்வரை நடந்து பார்த்தார்.

"பல்லக்கு வர்ற அன்னிக்கு வரட்டும். தினம் விடிஞ்சா இந்த அகலத்துக்குக் கோலம் போடப் போறது நான்தானே" என்றார்.

அடுத்த நாள் காலை முதற்கொண்டு போட்டார். அந்தத் தெருவில் அதைவிடப் பெரிய கோலம் வேறு எந்த வாசலிலும் கிடையாது. பிரதானி வீட்டு வாசலிலும் கிடையாது.